வெயிலுக்குப் பஞ்சமில்லை

எனக்கு முப்பது வயதாகப் போகிறது. இன்னும் அம்மாதான் தலை பின்னிவிடுகிறாள். ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வெகுநாள் சொல்லாமலே இருந்தேன்.

போன வருஷம் ஒருநாள், பின்னிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "இன்னாடி இது, ரூவா அகலத்துக்கு வழவழன்னு இருக்குது? புழுவெட்டுடி."

பிடரிக்கு மேலே, என் கண் எட்டாத இடம். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தாள். எரிச்சலில் கண்ணீர் வந்ததே தவிர முடி வரவில்லை. ஒன்று இரண்டானது. தலை முழுக்கப் போய்விடுமோ என்ற பயத்தில் கள்ளக்குறிச்சிக்குத் தோல் டாக்டரிடம் ஓடினோம்.

புழுவெல்லாம் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது என்றார். ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு. இந்த நோய் உள்ள பலருக்கு அப்படி இருப்பதுண்டு, அதற்காக அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். மாத்திரையும் தடவ மருந்தும் எழுதிவிட்டு, கொஞ்சம் வெயிலும் படட்டும் என்றார்.

அம்மாவுக்குக் கோபம். "வெயிலுக்கா எங்க ஊர்ல பஞ்சம்?"

"ஊர்ல ஜாஸ்தியாதாம்மா இருக்குது. உங்க பொண்ணு மேல படணுமில்ல."

அம்மா, சங்கராபுரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை வெட்டி, மகள் நிழலில்தான் வேலை பார்க்கவேண்டும் என்று வைராக்கியமாகப் படிக்க வைத்தவள். பஸ் ஏறப் போனாலும் குடையைக் கையில் திணிப்பாள். திரும்பும் வழியில், "நானே உன்ன கெடுத்துட்டேன் போலருக்குது" என்றாள்.

அந்த ஞாயிறு என்னையும் கூட்டிப்போனாள். மக்காச்சோளக் கொல்லையில் அவள் களை எடுக்க, நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாக்கா, பொண்ண வத்தலாட்டம் காய வச்சிகினு இருக்கிற?" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள்.

"காயட்டும், வுடு."

மாதங்கள் போயின. ஒரு காலையில் மறுபடி கை நின்றது.

"மொளைச்சிருக்குதுடி. பூனை முடியாட்டம், வெள்ளையா."

தீபாவளிக்கு என் ஒற்றை நரையை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தவள், இந்த வெள்ளையை விரல் நுனியால் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எனக்கு பஸ் போய்விட்டது.

மாத்திரையா, மருந்தா, வெயிலா, தானாகவே வந்ததா என்று டாக்டருக்கே உறுதியில்லை. அம்மா வெங்காயம் என்கிறாள். எதுவாக இருந்தாலும் கோடி கும்பிடு. முதல் கும்பிடு, என் கண் எட்டாத இடத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காய்ப்பேறிய கைக்கு. இப்போது ஆபீசில் யார் கேட்டாலும் சொல்கிறேன், அம்மாதான் பின்னிவிடுகிறாள் என்று.