வாவியைப் பார்த்த குழாய்

போன ஞாயிறு பின்னேரம் வந்தாறுமூலைக்கு அங்கால, வாவியோர மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. ஒரு சரை கச்சான் கடலை வாங்கிக்கொண்டு போய்க் கரைப்பக்கமாக இருந்தேன். கண்ணுக்கு முன்னால் ஒரு பொடியன் இடது பக்கத்தால் பந்தைக் கொண்டுபோய், ரெண்டு பேரைத் தடுமாற வைத்துவிட்டு, அடித்தான் பாருங்கள் ஒரு அடி! வலை கிழியாத குறை. மைக்கில் என்ன போய்க்கொண்டிருந்தது தெரியுமா? "எமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சமூக சேவையின் சிகரம், கொடை வள்ளல், ஏழைகளின் தோழன்..." சனம் எழும்பிக் கத்துது, மைக் பிடித்த இவன் இன்னும் சிகரத்தை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த மனிசி என்னைக் கேட்டா, "அண்ணன், ஆரு அடிச்ச?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கோல் அடித்தவனுடைய பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சு கூட இவனிடம் மிச்சமில்லை.

எதுக்கு இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மைதானங்களில் நேர்முக வர்ணனையாளன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நோட்டீசில் போடுவார்கள். என்னுடைய முதல் உத்தியோகம் கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை அறிவிப்பது. நான் அறிவித்த பதற்றத்தில், கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாரும் பிள்ளையைத் தேடத் தொடங்கினார்களாம். அந்தத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினவர் ஏறாவூர் உதுமாலெவ்வைக் காக்கா. அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சொன்னார், "தம்பி, தொண்ட நல்லாத்தான் இரிக்கி. அழுகிற புள்ளைக்கு ஏன் அத வீணாக்குற? பந்துக்கு வா."

போனேன். முதல் ஆட்டத்தில் மானாம், மயிலாம், மின்னல் கொடியாம் என்று நான் அளந்துகொண்டிருக்க, பந்து எங்கள் பக்கத்துக் கோலுக்குள் போய்க் கிடந்தது. கூவினார்கள் பாருங்கள் கூவல்! அன்றோடு மயிலைப் பறக்கவிட்டேன். பந்து எந்தப் பக்கம், யாருடைய காலில், அவன் யாருடைய மகன். இவ்வளவும்தான் வேலை. இதற்காக முதல்நாள் பின்னேரமே போய் அவர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்ப்பேன். முகம் தெரியாத தூரத்திலும் ஆளை நடையில் பிடித்துவிடலாம். இரவல் சப்பாத்துப் போட்டவன் தவளை மாதிரிப் பாய்வான், அவனைச் சப்பாத்து மாறினால்தான் பிடிக்க ஏலாது.

மைக்குக்கு ஒரு வாசம் இருக்கிறது. அந்த இரும்பு வலைக்குள் ஊரின் வாயெல்லாம் கிடக்கும். வெற்றிலை, சுருட்டு, கூட்டத்தில் பேசினவர்களின் எச்சில். காக்கா அதைத் துடைத்து, ஒரு சொட்டு அத்தர் பூசித்தான் என் கையில் தருவார். இன்றைக்கும் யாராவது அத்தர் பூசிக்கொண்டு பக்கத்தால் போனால் எனக்குக் கோர்னர் அடி ஞாபகம் வரும். என்ன செய்வது, என் மூக்கு அப்படி.

காக்காவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாவற்றையும் சனத்தின் பக்கம் கட்டினாலும், ஒன்றை மட்டும் கரையிலிருக்கும் தென்னையில் ஏற்றி வாவியைப் பார்க்கத் திருப்பி வைப்பார். வாவிக்குள் வலை போட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு. கோல் என்று நான் கத்தினால், தோணிக்குத் தோணி சவளைத் தூக்கிக் காட்டுவார்கள். துடுப்பைத்தான் நாங்கள் சவள் என்கிறோம். மைதானத்துக் கைதட்டலை விட எனக்கு அதுதான் சந்தோசம், பொய் சொல்லவில்லை.

அந்தத் தோணிகளில் ஒன்று சாமித்தம்பி அண்ணனுடையது. அவருடைய மகன் நேசன் எங்கள் பக்கத்தில் இருந்த நல்ல முன்வரிசை ஆட்டக்காரன். மனுசன் மகன் விளையாடி ஒரு ஆட்டமும் கண்ணால் பார்த்ததில்லை. "நான் பாத்தா அவன் அடிக்கமாட்டான் தம்பி, என்ட கண்ணுக்கு ராசியில்ல" என்பார். தோணியைக் கரைக்குக் கிட்டவாகக் கொண்டுவந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அவருடைய கண்ணும் நான்தான், ராசியும் நான்தான்.

இனித்தான் வயித்தெரிச்சல் கதை வருகிறது. ஒரு இறுதிப் போட்டி. ஆட்டம் முடியப்போகிறது, ரெண்டு பக்கமும் சமன். கழகச் செயலாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"அண்ணன், பிரதம அதிதி செங்கலடி தாண்டிட்டாராம். வரவேற்பத் தொடங்குங்க."

"பந்து ஓடுதே!"

"பந்து ஓடட்டும். அவர் வாகனத்துக்குள்ள இருந்தே தன்ட பேரக் கேக்க வேணும்."

கேட்டீர்களா கதையை? அதோடும் விடவில்லை. வாவிப்பக்கத்துக் குழாய் சும்மா தண்ணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். ஒருத்தனைத் தென்னையில் ஏற்றி, அதைப் பிடித்துத் திருகி, றோட்டைப் பார்க்க வைத்தார்கள். நான் கத்தினேன், காக்கா கத்தினார். யார் கேட்டது? வாவியில் சாமித்தம்பி அண்ணன் தோணிக்குள் எழும்பி நிற்பது எனக்குத் தெரிந்தது. கையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதும் மனுசன் திரும்பிப் பார்க்கவில்லை!

செயலாளர் என் காதுக்குள் அதிதியின் பட்டங்களை ஊதிக்கொண்டிருந்தார். நான் அவர் வாயைக் கையால் தள்ளிவிட்டுப் பந்தைப் பார்த்தேன். வலது பக்கத்தால் வந்த பந்து நேசனின் காலுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தவில் சத்தம். மாலையோடு ஆட்கள் றோட்டுக்கு ஓடுகிறார்கள். காக்காவைப் பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வயதில் தென்னையில் ஏறிக்கொண்டிருக்கிறார். குழாயை ரெண்டு கையாலும் பிடித்து வாவிப்பக்கம் திருப்பினார். நேசன் அடித்தான்.

"கோல்! நேசன்! சாமித்தம்பிட மகன் நேசன்! வாவிக்குக் கேக்குதா? நேசன்!"

தோணியில் சவள் மேலே போனது. பிறகு அந்த மனுசன் சவளால் தண்ணிக்கு அடி அடி என்று அடித்தார், விசர் பிடித்தவர் மாதிரி. வாகனத்தால் இறங்கின பிரதம அதிதிக்குக் கிடைத்த வரவேற்பு, சாமித்தம்பிட மகன் நேசன்!

மைக்கை என் கையிலிருந்து பறித்தார்கள். மரியாதை தெரியாதவனாம். அதுக்குப் பிறகு ஒரு கழகமும் என்னைக் கூப்பிடவில்லை. அது போகட்டும், நான் வாயாடி, வாங்கிக் கட்டினேன். காக்கா என்ன பாவம் செய்தார்? அவருடைய ஒலிபெருக்கியையும் மைதானத்துக்கு எடுக்காமல் விட்டார்கள். கடைசி வரைக்கும் கலியாண வீடுகளுக்குத்தான் கட்டிக்கொண்டு திரிந்தார். "தம்பி, மாப்புள வாறாரு எண்டு சொல்ல வர்ணன வேணாமே" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. காக்கா மவுத்தாகிவிட்டார். சாமித்தம்பி அண்ணனும் இல்லை. அந்தச் செயலாளர் மட்டும் போன ஞாயிறு பொன்னாடையோடு மேடையில் இருந்தார். வெட்கம் கெட்டதுகள்.

ஆரு அடிச்ச என்று கேட்ட அந்த மனிசிக்குச் சொல்ல வேண்டுமே என்று அடித்தவனின் முதுகைப் பார்த்தேன், பெயரை விடுங்கள், இலக்கம் கூட இல்லை. கொடை வள்ளலின் படம்தான் சிரித்துக்கொண்டு ஓடியது. இப்போது பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி, எல்லாம் மேடையைச் சுற்றி. கரையில் அந்தத் தென்னை நிற்கிறது, அதில் ஒன்றும் இல்லை.

அங்கே இருக்க ஏலாமல் தண்ணியோரத்துக்கு இறங்கினேன். வாவிக்குள் ஒரு தோணி. எனக்குத் தெரியாத ஆள், வலையைப் பிடித்தபடி கூப்பிட்டுக் கேட்டார், "அண்ணன், சத்தம் கேட்டிச்சே, ஆரு அடிச்ச?"

பழைய பழக்கத்தில் கையை வாயில் குவித்தேன். பெயர் இல்லை.

"தெரியா தம்பி."

"மைக்கில சொல்லல்லயா?"

"சொன்னானுகள். அவன்ட பேரத் தவிர எல்லாம் சொன்னானுகள்!"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சவளை எடுத்து வலித்துக்கொண்டு போனார்.