சாம்பல் கோட்டு ஐயா சொல்லாதது

ஈரத் துணியில் சூடான அயன்பெட்டி படும்போது எழும் ஆவியின் வாசனை எங்கே வந்தாலும், எனக்கு ஒரு ஜேர்மன் துப்பறியும் அதிகாரியின் முகம்தான் நினைவுக்கு வரும். சுவிட்சர்லாந்தில், லாங்கன்தால் என்ற ஊரில் நான் நான்காம் வகுப்புப் படித்த காலத்தில் புதன்கிழமை பின்னேரங்களில் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மாவும் ஹோட்டலில் துப்புரவு வேலை முடித்து வந்து, அந்த வாரத்து உடுப்புகளைக் குவித்துவைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று "அயன்" பண்ணுவார். அந்த நேரம் பார்த்து, அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது எடுத்திருக்கக்கூடிய ஒரு பழைய துப்பறியும் தொடர் ஜேர்மன் சேனல் ஒன்றில் ஓடும். அதில் வரும் அதிகாரி ஓடமாட்டார், சுடமாட்டார். சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கதைப்பார், அவ்வளவுதான். அம்மா அவருக்கு "சாம்பல் கோட்டு ஐயா" என்று பெயர் வைத்திருந்தார். அவர் பேசும் ஜேர்மன் அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் விளங்கும், மீதியை நான் சொல்லவேண்டும். டொக்டரிடமும் கெமைண்டே என்ற ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளிக்கூடக் கூட்டத்திலும் அம்மாவுக்கு வாய் நான்தான் என்பதால், எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அது 2009ஆம் ஆண்டின் கடைசி. அம்மாவின் ஒரே தம்பியான என் மாமா, வன்னியில் சண்டை முடிந்த வைகாசி மாதத்திலிருந்து காணாமல் போயிருந்தார். மாமி கைக்குழந்தையோடு முகாமில் இருந்துவிட்டு, அப்போதுதான் வவுனியாவில் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். "மச்சாள், சனம் அந்தியேட்டியைச் செய்யச் சொல்லுது, நான் என்ன செய்ய?" என்று அவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேயிருப்பார். செத்தவருக்குச் செய்யும் கிரியையை தம்பி உயிரோடிருந்தால் எப்படிச் செய்யச் சொல்வது, செத்திருந்தால் எப்படிச் செய்யாமல் விடுவது என்று அம்மா தவித்துப்போனார். லாங்கன்தாலில் சகுனம் சொல்லப் பல்லி கிடையாது. ஆகவே அம்மா கண்ணில் பட்டதையெல்லாம் சகுனமாக்கினார். பால் பொங்கினால் ஒரு அர்த்தம், தபால்காரர் வாசலில் நின்றால் இன்னொரு அர்த்தம்.

அந்தப் புதன்கிழமை வந்த கதையில் ஒரு மனிதர் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் மேசையில் அவருக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அம்மா அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். "இவர் கிடைச்சால் தம்பியும் கிடைப்பான், நீ ஒரு சொல்லும் விடாமல் சொல்லு" என்றார்.

கடைசிக் காட்சியில் சாம்பல் கோட்டு ஐயா வாசலில் நின்றபடி, கல் தோண்டிய பள்ளமொன்றின் தண்ணீருக்குள்ளிருந்து உங்கள் கணவரின் உடலை எடுத்தோம் என்று சொன்னார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பார்வையைத் தாங்கும் பலம் எங்கிருந்து வரும்?

"ஆஸ்பத்திரியில இருக்கிறாராம் அம்மா. ஞாபகம் இல்லாமல் போச்சுதாம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருவினமாம்."

"அப்ப ஏன் அவ கோப்பையை எடுத்து உள்ள வைக்கிறா?"

"வேற நல்ல கோப்பை எடுக்கப் போறா."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்துபோய் மாமிக்கு அழைத்து, "தம்பி இருக்கிறான். ஒண்டும் செய்யவேண்டாம். பொட்டை அழிக்காதை" என்றார். அம்மாவின் மனதை ஆற்றிவிட்டேன் என்று நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்று வருடம் கழித்து மாமிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சண்டையில் மனைவியை இழந்த ஆசிரியர். மாமியின் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறவராம். மாமிக்கு விருப்பம் இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அம்மாவிடம் கேட்டிருக்கமாட்டார். "தம்பி வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது, மச்சாள்?" என்றார் அம்மா. பக்கத்து அறையில் வீட்டுக்கணக்குச் செய்துகொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஏச்சு விழும் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன். அந்த ஆசிரியர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் தொலைக்காட்சியே இல்லை. அம்மாவுக்கு என் மொழிபெயர்ப்பும் தேவையில்லை. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்து, அங்குள்ள கிழவிகளோடு சுவிஸ் ஜேர்மனில் பகிடி விடும் அளவுக்கு வந்துவிட்டார். போன மாதம் அந்த இல்லத்தின் கூடத்தில், யாருக்கோ சூப் பருக்கிக்கொண்டிருந்தபோது, அதே கதை ஓடியிருக்கிறது. முழுவதையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் இருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். "நீ அப்ப சின்னப் பிள்ளை. ஒரு படத்தை நம்பினது நான்தான்" என்றார். சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தபடி, "மாமிக்கு நான் சொல்லட்டோ, நீ சொல்லுறியோ?" என்று கேட்டார்.

நானே அழைத்தேன். நாற்பதைத் தாண்டிவிட்ட மாமிக்கு, பத்து வயதில் நான் சொன்ன பொய்யை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மாமாவுக்கு என்ன நடந்ததென்று அன்றும் எங்களுக்குத் தெரியாது, இன்றும் தெரியாது என்பதையும் சொன்னேன். நான் அழுது முடித்ததும் மாமி மெல்லிய குரலில் கேட்டார்:

"புருசன் செத்திட்டாரெண்டு தெரிஞ்ச பிறகு, அந்த மனுசி என்ன செய்தவ, பிள்ளை?"

"தெரியாது மாமி. படம் அதோட முடிஞ்சுது."