இடுப்பளவுக் கடலில் சம்பந்தம் பேசியவன்

கட்டில் யாருக்கு, தரை யாருக்கு என்று பேச்சு வருவதற்கு முன்பே அவன் தன் பையைக் கீழே கிடந்த மெத்தையில் வைத்துவிட்டான்.

"எனக்கு முதுகுக்குத் தரைதான் நல்லது மச்சான்" என்றான்.

அவனை யாரும் கேட்கவில்லை. மற்ற இருவரும் ஏற்கெனவே ஆளுக்கொரு கட்டிலில் செருப்போடு சாய்ந்திருந்தார்கள். அவன் குளியலறைக்குள் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். எந்தக் குளியலறைக்குள் போனாலும் முதலில் அதைத்தான் செய்வான். சில டைல்ஸுக்குப் பின்னால் வெறும் காற்று இருப்பதாக உள்ளிருந்தே அறிவித்தான்.

குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் அவன் விற்பனையாளன். வருகிறவர்களுக்குக் கமோடின் மூடியைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, அது சத்தமில்லாமல் தானே இறங்குவதைக் காட்டுவான். ஒவ்வொரு முறையும் அதைத் தானே கண்டுபிடித்தவன்போல நிற்பான். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் டைல்ஸ். அது தன் தொழிலறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தவன் பல் டாக்டர். சொந்தக் கிளினிக். போன வருடம் விவாகரத்தானவன். இன்னொருவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எந்தப் பேச்சையும் யாராவது செத்துப்போவதில் கொண்டுபோய் நிறுத்துவான். மூவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. வருடத்துக்கு ஒரு தடவை வார விடுமுறையில் எங்கேயாவது போவார்கள். இந்த முறை படகேறித் தீவு. தென்னைகள், வெள்ளை மணல், கண்ணாடிபோலத் தண்ணீர், கூரை வேய்ந்த குடில்கள். மூவரும் வந்ததிலிருந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் பின்னணியாகப் பயன்பட்டது.

ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நண்பர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வண்டி ஹாரனுக்கு உள்ள பொருள்தான்: நகரு, இங்கே பார், நான் இருக்கிறேன். தங்கையைக் கொடுத்தவன், எடுத்தவன் என்றெல்லாம் யாரும் நினைப்பதில்லை. டைல்ஸ் நினைத்தான்.

அவனுக்கு ஒரு தங்கை. முப்பதைத் தாண்டியவள், கூரியர் ஆபீஸில் வேலை. வீட்டில் இரண்டே அறைகள், ஒன்று அவளுடையது. மகள் பெரியவளாகிறாள், படிக்க இடமில்லை என்று அவன் மனைவி சொல்லத் தொடங்கிச் சில மாதங்களாகிவிட்டன. முதலில் சாடையாகச் சொன்னாள். பிறகு நாத்தனார் காதில் விழும்படியே சொன்னாள். தங்கை தன் துணிகளை அலமாரியின் ஒரே தட்டுக்குள் அடுக்கிக்கொண்டாள். டைல்ஸுக்கு இரண்டு பேரிடமும் பேசத் தைரியமில்லை. அறை காலியாக வேண்டும், பழி தன்மேல் விழக்கூடாது. அதற்கு ஒரே வழி கல்யாணம்.

இந்த நேரத்தில்தான் அவளுக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல் வலித்தது. டாக்டர் வேர் சிகிச்சை செய்தான். அன்று மாலை போனில், "உன் தங்கச்சிக்கு நல்ல பொறுமைடா மச்சான், ஊசி போட்டப்பக்கூட அசையல" என்றான். பல் டாக்டர்கள் எல்லா நோயாளிகளின் அண்ணன்களிடமும் சொல்லக்கூடியது. டைல்ஸ் அந்த ஒரு வாக்கியத்தின்மேல் வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் நடத்திவிட்டான்.

கிளம்புகிற அன்று காலை அவன் முகத்தைப் பார்த்தே தங்கைக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். வாசல்வரை வந்து, பல்லைப் பார்க்கிறவர் பல்லை மட்டும் பார்க்கட்டும் என்றாள்.

"எனக்காக எதையும் பேசி வைக்காதண்ணா. நான் எங்கயாச்சும் ரூம் பாத்துக்கறேன்."

பேசமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

முதல் நாள் வாய்ப்பு வரவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். வாய்ப்பு வந்துகொண்டேதான் இருந்தது. அவன் அந்த நேரமெல்லாம் பீர் வாங்கப் போனான், துண்டு காயப்போட்டான், டாக்டரை விதவிதமாகப் போட்டோ எடுத்துக் கொடுத்தான். டாக்டர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு தென்னையில் சாய்ந்து நின்றான். "ஹீரோ மாதிரி இருக்கே மச்சான்" என்றான் டைல்ஸ். ஏஜென்ட் இளநீர் விற்கிறவனிடம் மரத்திலிருந்து விழுந்தால் குடும்பத்துக்கு என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை டாக்டர் நீருக்கடியில் மீன் பார்க்கும் கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் வாடகைக்கு எடுத்தான். டைல்ஸுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் கூடவே இறங்கினான். இடுப்பளவு ஆழத்தில் டாக்டர் நின்று கண்ணாடியில் எச்சில் துப்பித் துடைத்தான். கரையிலிருந்து ஏஜென்ட் கையசைத்தான். இங்கே யாரும் சட்டென்று எழுந்து போய்விட முடியாது என்று டைல்ஸ் கணக்குப் போட்டான்.

"மச்சான், ஒரு விஷயம்."

"சொல்றா."

"தங்கச்சியப் பத்தி."

"பல்லுதானே? இப்ப அது மேல மாட்டியிருக்கறது தற்காலிகக் கேப். நிரந்தரமானது வந்ததும் மாட்டிடலாம்."

"பல்லு இல்ல. நீயும் தனியா இருக்கே. அவளும் தனியாத்தான் இருக்கா. நாம மச்சான் மச்சான்னு கூப்பிட்டுக்கறது நெஜமாவே ஆயிட்டா..."

டாக்டர் கண்ணாடியைக் கீழே இழுத்து மாட்டினான். குழாயைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். குழாயின் நுனி மட்டும் மேலே நின்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. டைல்ஸ் மிச்சத்தை அந்தக் குழாயிடம் சொல்லி முடித்தான். தங்கை சம்பாதிக்கிறாள். நன்றாகச் சமைப்பாள். யாரோடும் சண்டைக்குப் போகாதவள். தனி அறைகூடக் கேட்கமாட்டாள்.

டாக்டர் நெடுநேரம் மீன் பார்த்தான். அந்த இடத்தில் மீன் எதுவும் இல்லை. கடைசியில் தலையைத் தூக்கி, கண்ணாடியைக் கழற்றாமலே பேசினான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அங்க பாறை இருக்கு, காலக் கிழிச்சுடும்."

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் டாக்டர் அவனை வாடா போடா என்றுதான் பேசியிருக்கிறான். 'நீங்க' இதுவரை வந்ததில்லை. கிளினிக்கில் காத்திருக்கிறவர்களிடம், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் பயன்படுத்தும் மரியாதை அது. டைல்ஸ் தள்ளி நின்றான்.

மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே ஏஜென்டுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சுட்ட மீனை மேஜை நடுவில் வைத்தார்கள். ஏஜென்ட் கரண்டியை எடுத்தான்.

"மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு. பொண்ணோட அண்ணனுக்கு வாலு."

"விடு மச்சான்" என்றான் டாக்டர். ஏஜென்டிடம்தான் சொன்னான். அந்தச் சொல் இன்னமும் புழக்கத்தில்தான் இருந்தது. டைல்ஸின் பக்கம் மட்டும் வரவில்லை.

ஏஜென்ட் விடவில்லை. சீர்வரிசையில் கமோடு உண்டா, மூடி தானே இறங்குமா என்றெல்லாம் கேட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது.

"ஏன்டா டைல்ஸ், ஊர்ல எல்லாப் பயலும் எல்லாப் பயலையும் மச்சான்னுதான் கூப்பிடறான். அதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சவன் நீ ஒருத்தன்தான்."

இந்த இடத்தில் ஒரு மனிதன் எழுந்து போயிருக்கலாம். மீனை ஏஜென்டின் முகத்தில் வீசியிருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் வாயையாவது மூடிக்கொண்டிருக்கலாம். டைல்ஸ் சிரித்தான். இவர்கள் கைவிட்டுவிட்டால் அடுத்த வருடம் யாரோடு போவது என்ற கவலைதான் அந்த நேரத்தில் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மச்சான். அவள எவன் கட்டுவான்? அவ விடற குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரனே காலி பண்ணிட்டுப் போயிடுவான்."

குறட்டை விடுகிறவன் அவன். முந்தின இரவு மெத்தையில் கிடந்து விட்ட குறட்டையை இருவரும் கேட்டிருந்தார்கள். ஏஜென்ட் டாக்டரைப் பார்த்தான். இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

"அப்படிங்களா" என்றான் டாக்டர். பிறகு முள்ளைக் கவனமாக எடுத்துவிட்டு நடுத்துண்டைத் தின்றான்.

திரும்பும் படகில் டைல்ஸ் மூன்று பைகளையும் தன் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டான். அலை தெறித்து நனைந்தது அவனும் பைகளும்தான். மற்ற இருவரும் உள்ளே தள்ளி உட்கார்ந்து போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் அவன் எடுத்தவை என்பதால் எதிலும் அவன் இல்லை. படகுத்துறையில் ஏஜென்ட் முதுகில் தட்டிவிட்டுப் போனான். டாக்டர் தன் பையை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி, வரட்டுங்களா" என்றான்.

வீட்டில் மனைவி கண்ணாலேயே கேட்டாள். பேசச் சந்தர்ப்பமே அமையவில்லை என்று சொன்னான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் கூரியர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கைக்குக் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வரவேற்பில் இருக்கும் பெண் பேசினாள். டாக்டரால் இனி நேரம் ஒதுக்க முடியாது, நிரந்தரக் கேப்பை வீட்டுக்குப் பக்கத்தில் வேறு யாரிடமாவது போட்டுக்கொள்வது நல்லது, எக்ஸ்ரேயை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள். தங்கை சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேசினியா?"

"இல்லயே" என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவனும் கடைக்குப் போனான். புதுச் சரக்கு வந்திருந்தது. மதியம்வரை பெட்டிகளைப் பிரித்தான். பிறகு ஒரு தம்பதிக்குக் கமோடின் மூடியைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, அது தானே இறங்குவதைக் காட்டினான். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். மாலையில் தங்கை ஒரு கட்டில் போடுமளவுக்கு இடமுள்ள வாடகை அறையைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டை இடது பக்கமாகவே மென்றாள். மகளின் மேஜையை அந்த அறையில் எந்தச் சுவரோரம் போடலாம் என்று மனைவி கேட்டாள். ஜன்னல் பக்கம் என்றான்.