ஜெசிந்தா பார்த்த இரண்டு புள்ளிகள்

ஞாயிறு காலை பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் பஸ் நிலையத்தில் நின்றபோது பீர்மேட்டிலிருந்து ஜெசிந்தாவின் தங்கை அழைத்தாள். "அக்காவக் கர்த்தர் எடுத்துக்கிட்டார்" என்றாள். என் பஸ் போய்விட்டது, நான் ஏறவில்லை.

பேச்சு இழந்தவர்களுக்காக ஜெசிந்தாவும் நானும் ஒரே அலுவலகத்தில் ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். படத்தைத் தொட்டால் போன் அந்தச் சொல்லைப் பேசும். நிரல் என்னுடையது, சோதனை ஜெசிந்தாவுடையது. பக்கவாதம் வந்த மரகதம் என்பவரின் கணவர் பெருமாட்டியிலிருந்து ஒருநாள் கூப்பிட்டார். "ஏனுங்க, தண்ணி கேட்டா வலின்னு சொல்லுதுங்க. பயந்து ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிட்டனுங்க."

கை நடுங்குகிறவர், தவறாகத் தொட்டிருப்பார் என்று அலுவலகத்தில் முடிவு கட்டினோம். ஜெசிந்தா மட்டும், "பாக்காம எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பெருமாட்டிக்குக் கிளம்பினாள்.

தொடும் இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி தெரியும்படி போனை மாற்றி மரகதத்திடம் கொடுத்தாள். புள்ளிகள் இரண்டு தெரிந்தன. நடுக்கத்தை அடக்க மரகதம் சுண்டுவிரலைத் திரையின் ஓரத்தில் ஊன்றி, ஆள்காட்டி விரலால் தொட்டார். ஒவ்வொரு விரலுக்கும் போன் ஓர் அடையாள எண் தரும். விரலை எடுக்கும்வரை அது மாறாது. நானோ நிரலில் அந்த எண்ணை விட்டுவிட்டு, வரிசையில் முதலில் நிற்பதையே தொடும் விரலாகக் கொண்டிருந்தேன். ஊன்றிய விரல் எழுந்ததும் அடுத்தது முதலிடத்துக்கு வந்துவிடும், படமும் மாறிப்போகும்.

"அவங்க கையில கோளாறு இல்ல. நாமதான் விரல மாத்தி எண்ணிட்டோம்" என்றாள் ஜெசிந்தா.

திருத்திக்கொண்டு மறுவாரம் போனோம். மரகதம் தொட்டார், போன் "தண்ணீர்" என்றது. கணவர் ஓடிப்போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தார். குடித்து முடித்த மரகதம் அவரைப் பார்த்தபடியே "கோபம்" என்ற படத்தைத் தொட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனதுக்குங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார். மரகதம் சிரித்தார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னால் ஜெசிந்தா நோய் முற்றிப் படுத்திருந்தபோதும் குளுக்கோஸ் ஏறும் கையால் செயலியைச் சோதித்துக்கொண்டேயிருந்தாள். "இப்ப என் கையும் ஆடுது. சோதிக்க இத விட நல்ல கை கிடைக்காது" என்றாள். அந்தக் கை கண்டுபிடித்த பிழைகளையெல்லாம் திருத்திய பதிப்பைத்தான் இன்று பலர் பயன்படுத்துகிறார்கள்.

பார்க்காமல் யார் கையையும் குறைசொல்லாத அந்தப் பழக்கத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இரண்டு கைகளாலும் தொட்டால் திரை உறைந்துவிடுகிறது என்று மலைமேல் ஒரு தோட்டத்திலிருந்து புகார் வந்திருக்கிறது. வியாழக்கிழமை ஜீப்பில் போகிறேன்.