வீட்டு ஆள்

வேகவைத்த காய்கறியை மசிக்கும்போது அவருடைய வலது கை அழுத்தும், இடது கை கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கட்டி எதுவும் தங்கக் கூடாது. மசித்ததைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. மெதுவாக வழுக்கி விழ வேண்டும். பக்கவாதத்தில் விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அந்தப் பதம் தப்பினால் சோறு வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போய்விடும். இரண்டு வருடமாக அந்த வீட்டு அடுப்படியில் தினம் இரண்டு வேளை அவர் அந்தப் பதம் பார்க்கிறார்.

சாப்பிடுகிற பெரியவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். புத்தி பாதி நேரம் ரயிலிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்கு வந்த முதல் நாளே இவரைப் பார்த்து, "பதினேழாம் நம்பர் சீட்டு, டிக்கெட்டைக் காட்டு" என்று அதட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவர் பெயர் பதினேழு. பேத்திக்குப் பதினேழு மாமா. பதினேழு அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி போய்ப் பதினொரு வருடம், பிள்ளை குட்டி இல்லை. எதையாவது சொல்லி யாராவது கூப்பிட்டால் சரி என்றிருந்தது.

பெரியவரின் மருமகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து இடம் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வருஷக் கடைசி விருந்து. எங்க அக்கா, இவரோட சித்தப்பா, எல்லாரும் வர்றாங்க. அன்னிக்கு உங்களுக்கு லீவுன்னு தெரியும். ஆனா கண்டிப்பா வந்துடணும்."

"நான் எதுக்கும்மா? உங்க சொந்தக்காரங்க கூடற இடத்துல..."

"நல்லா இருக்கே! நீங்க நம்ம வீட்டு ஆளுதானே? நீங்க இல்லாம எப்படி?"

மசிக்கிற கை நின்றுவிட்டது. "வரேம்மா" என்றார். மறுபடி மசித்தார்.

அவர் தங்கியிருந்த அறையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் தையல்காரர், மெஷினையும் அங்கேயே போட்டிருந்தார். இன்னொருவர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். பண்டிகை விடுமுறை என்றால் மூன்று பேரும் சேர்ந்து கோழி சமைப்பது வழக்கம்.

"ஞாயித்துக்கிழமை வெங்காயம் உரிக்கறது உன் முறை," என்றார் காவலாளி.

"எனக்குச் சேர்த்து ஆக்காதீங்கப்பா. வீட்டுல விருந்து."

தையல்காரர் மெஷினை நிறுத்திக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்த ரூமை விட்டா உனக்கு ஏதுடா வீடு?"

"பெரியவர் வீடு. நான் வீட்டு ஆளாம். வந்தே தீரணும்னு சொல்லிட்டாங்க."

"அடேயப்பா! பெரிய இடத்துச் சம்பந்தம்! இனிமே மாப்பிள்ளை நம்மகூட உக்காந்து சாப்பிடுவாரா?"

"சாப்பிடறது இருக்கட்டும், பேசுவாரான்னு கேளு," என்றார் காவலாளி.

கேலி செய்த தையல்காரரே, விருந்துக்கென்று அவர் வாங்கிவந்த புதுச் சட்டையின் கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, வெளிர்நீலச் சட்டையும் கையில் ஒரு பை ஆரஞ்சுமாகப் பதினேழு போய் நின்றார். கூடத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரே விரிப்பு விரித்திருந்தார்கள். பற்றாததற்கு மாடி வீட்டு நாற்காலிகள். எல்லாமாகப் பன்னிரண்டு. ஓரத்து நாற்காலி போதும், அவசரத்துக்குப் பெரியவர் அறைக்கு எழுந்து ஓட வசதி என்று அவர் மனத்துக்குள் இடம் பார்த்துக்கொண்டார்.

மருமகள் வியர்வையோடு ஓடிவந்தாள். "அப்பாடா, வந்துட்டீங்களா! நீங்க வராம போனா நான் செத்தேன். அய்யய்யோ, புதுச் சட்டையா? கறை பட்டுடுமேண்ணே! முதல்ல ஏப்ரனைக் கட்டிக்குங்க. எல்லாரும் உக்காரறதுக்குள்ள மாமாவுக்கு ஊட்ட ஆரம்பிச்சுட்டா எனக்கு நிம்மதி."

அவள் நிஜமான அக்கறையோடுதான் சொன்னாள். 'வீட்டு ஆள்' என்றால் வீட்டைச் சேர்ந்தவர். 'வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம்', 'இன்றைக்கு ஆள் வரவில்லை' என்னும்போது அதே ஆள் வேறு ஆள். அவள் ஓர் ஆளைச் சொன்னாள், இவர் இன்னோர் ஆளைக் கேட்டார். பொய் சொன்னவர் யாரும் இல்லை.

பதினேழு ஆரஞ்சுப் பையை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிண்ணத்தை எடுத்தார்.

உள்ளறைக் கதவைச் சாத்தினார். சத்தம் கேட்டால் பெரியவர் தலையைத் திருப்புவார், புரை ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைத் தாழ்த்தி, ஒரு கரண்டி. தொண்டை ஏறி இறங்கும் வரை காத்திருந்து அடுத்த கரண்டி. வெளியே நாற்காலிகள் இழுபட்டன, யாரோ நகைச்சுவை சொல்ல எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

"வண்டி ஏன் நிக்குது?" என்றார் பெரியவர்.

"சிக்னல் விழலை ஐயா."

"சாப்பாடு வந்துச்சா?"

"உங்களுக்கு வந்துடுச்சு. முழுங்குங்க."

முடிய முக்கால் மணி ஆயிற்று. அதன்பிறகு அரைமணி நேரம் படுக்க விடக் கூடாது. பெரியவர் சரியாமல் தோளைத் தாங்கியபடி அவர் உட்கார்ந்திருந்தார். பேத்தி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"பதினேழு மாமா, குரூப் போட்டோ! சீக்கிரம் வாங்க!"

பெரியவர் சரியாமல் இருபுறமும் தலையணை வைத்து, ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு போனார். பெரியவரின் மகன் கைப்பேசியை நீட்டினார்.

"எல்லாரும் விழற மாதிரி எடுங்கண்ணே. அந்தக் கோடியில சித்தப்பா அறுபடறார் பாருங்க."

யாரும் அறுபடாமல் எடுத்துக் கொடுத்தார்.

மேசையைத் துடைத்துக்கொண்டே மருமகள், "சாப்பிட்டீங்கல்ல?" என்றாள்.

"ஆச்சும்மா," என்றார். அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

நாலு மணிக்கு அவர் கிளம்பும்போது ஒரு டப்பா நிறையக் கறியும் இனிப்பும் கொடுத்தாள். "அடுத்த வருஷமும் நீங்க வந்துடணும்."

"அடுத்த வருஷம் எனக்கு லீவு வேணும்மா."

"நம்ம வீட்டு ஆளா இருந்துட்டு லீவா?"

"ஆளுதாம்மா. அதான் கேக்கறேன்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார்.

அறையில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கோழி வாசனை மட்டும் பாக்கி. காவலாளி வேலைக்குப் போயிருந்தார்.

"விருந்து எப்படி மாப்பிள்ளை?" என்றார் தையல்காரர்.

"தடபுடல்."

"எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

"உன்னைச் சேர்த்தா?"

பதினேழு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சேர்த்துதான்."

அந்தப் பொய்க்குப் பிறகு டப்பாவைத் திறக்க வழியில்லை. வயிறு முட்டத் தின்றவன் ஆறு மணிக்கே எதற்குத் தின்கிறான்? ஜன்னல் குளிரில் அதை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வயிறு கூப்பாடு போட்டது. நல்லவேளை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காவலாளி வேலை முடிந்து வந்தபோது, பதினேழு அடுப்பின் முன் நின்று கறியைச் சுடவைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து தின்னது பத்தலையா?"

"நேத்து நான் எங்க தின்னேன்? ஊட்டிட்டு வந்தேன்."

காவலாளி அவர் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். "அவனை எழுப்பவா?"

"தூங்கட்டும். எழுந்தா சம்பந்தம் பேசுவான்."

தையல்காரருக்கு ஒரு பங்கு மூடி வைத்துவிட்டு இருவரும் சாப்பிட்டார்கள். பதினேழு டப்பாவை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தார். எட்டு மணிக்குள் பெரியவருக்குச் சவரம் செய்தாக வேண்டும்.