கிண்ணம் வலது கோடியில் தொடங்கியது

எனக்கு இருமல் சத்தமே ஆகாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது இருமினால் இன்றைக்கும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்துவிடுவேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு நுரையீரல் முழுசாக இருக்கிறது.

எனக்கு அப்படியில்லை. சின்ன வயதில் ஒருமுறை, தலைப்பிள்ளையைப் பெற்ற கையோடு ஒருமுறை என்று நிமோனியா வந்து இடது நெஞ்சைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இனியொரு சளிக்காய்ச்சல் வந்தா இவ தாங்க மாட்டா. இருமுறவங்க பக்கத்தில விடாதீங்க."

மலையாளச் சர்க்காரின் கீழ் இருந்த எங்கள் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலைப் பக்கமெல்லாம் கூட்டமும் மறியலுமாக இருந்த காலம். எங்கள் சபைக் கோயிலுக்குள்ளும் அந்தத் தகராறு வந்துவிட்டது. போதகர் ஐயர் மலையாளத்தில் ஜெபம் பண்ணினார் என்று, போன திருவிருந்தில் சிலர் அப்பமும் திராட்சரசமும் வாங்க எழும்பாமல் பெஞ்சிலேயே இருந்துவிட்டார்கள். மறுநாள் அவர்கள் வீட்டில் போலீஸ். கோயிலுக்கு வராதவர்களையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தார்கள். ஐயருக்கு ஒத்தாசையாக நின்று கிண்ணம் கொடுக்கும் உபதேசியார் தலைமறைவாகிவிட்டார்.

அடுத்த திருவிருந்து வந்தபோது ஊரெல்லாம் காய்ச்சல். நான் திராட்சரசக் கிண்ணத்தில் வாய் வைக்க மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"நீ எழும்பாம இருந்தா, நம்மளும் அந்தக் கூட்டமாக்கும்னு சொல்லுவாவ. எனக்க வேலை போச்சுன்னா பிள்ளைக்கு என்ன குடுப்ப?"

"எனக்க மூச்சு போச்சுன்னா?"

"ஒரு மொடக்குதானே. கர்த்தர் பாத்துக்கிடுவாரு."

கர்த்தர் பார்க்கட்டும், நானும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வழி யோசித்தேன். எங்கள் கோயிலில் எல்லாருக்கும் ஒரே கிண்ணம். உபதேசியார் அதை எப்போதும் இடது கோடியிலிருந்துதான் கொண்டுவருவார். முதல் வரிசையில் இடது கோடியைப் பிடித்துவிட்டால் முதல் வாய் என்னுடையது. வெட்கத்தை விட்டு, எல்லாரையும் இடித்துக்கொண்டு போய் அங்கே முழங்கால் போட்டேன். அப்பாடா என்றிருந்தது.

கிண்ணம் வலது கோடியில் தொடங்கியது. உபதேசியாருக்குப் பதிலாக நின்ற புது ஆளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. ஒவ்வொரு வாயாகக் கடந்து அது என்னை நோக்கி வந்தது. என் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி, காய்ச்சலில் கண் சிவந்து முழங்காலிட்டிருந்தாள். குடித்தவள் கிண்ணத்துக்குள்ளேயே இருமினாள். திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன்.

அந்த வாரமே படுத்தேன். மறியலில் பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக எந்த வண்டியும் கிடைக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஒவ்வொரு மூச்சையும் பாடுபட்டு இழுத்தேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். வாசலில் நின்று பிள்ளை அழுதது. உள்ளே விடாதீர்கள் என்று கையைக் காட்டினேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு முழுங்கின? உதட்டில தொட்டுட்டு விட்டிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போவுது?"

அவருக்குக் கொடுக்க என்னிடம் நல்ல பதில் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லத்தான் மூச்சு இல்லை.