அது அவர் கண்ட நகர்வு

என்மேல் எனக்குள்ள கோபம் வயது போகப்போகக் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. பரந்தனில் வாடகை வீட்டில் மனைவியோடு இருந்து, கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தான், பட்டதாரி, செஸ்ஸில் கெட்டிக்காரன் என்ற பெருமை எல்லாம் தலைக்குள் இருந்தது. மாவட்ட ஆசிரியர்களுக்குள் நடந்த செஸ் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே இருந்தவர் என் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். எழுபத்தேழு இனக்கலவரத்தில் மாத்தளைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். உரத்த குரல். விளையாடும்போதும் வாய் ஓயாது.

"மாஸ்டர், காய் வைக்கிறீங்களா, கோயிலுக்கு நேந்து வைக்கிறீங்களா?" என்பார்.

வென்றவர் கொழும்புக்குப் போகும் மாவட்டக் குழுவுக்குத் தலைவர். எனக்கு அது வேண்டியிருந்தது. அவருக்கும்தான்.

சனிக்கிழமை ஆட்டம் முடியவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று நடுவர் நிறுத்தினார். அவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். அடுத்து நகர்த்தவேண்டியவன் நான். வழக்கப்படி நகர்வைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். என் அரசன் முன்னேறி அவருடைய குதிரையைத் தாக்கும். நல்ல நகர்வு என்றே நினைத்தேன்.

"திங்கட்கிழமை உறையைத் திறப்பம். அதுக்கிடையில ஆரிட்டையும் கேக்கப்படாது, புத்தகமும் பாக்கப்படாது. அவரவர் மண்டைக்குள்ள யோசியுங்கோ" என்றார் அதிபர். இருவரும் ஓம் என்றோம்.

என் வீட்டில் ஒரு செஸ் மெஷின் இருந்தது. மனைவியின் தம்பி ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. பலகையில் காய்களை எந்த நிலையிலும் அடுக்கி, இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று அதனிடம் கேட்கலாம். ஒவ்வொரு காயையும் அழுத்தி வைக்க 'பீப்' என்று கத்தும். யோசித்து முடித்ததும் தன் நகர்வைச் சிவப்பு எழுத்தில் காட்டும். அப்படி ஒன்று என்னிடம் இருப்பது பள்ளிக்கூடம் முழுவதற்கும் தெரியும். நான்தான் சொல்லித் திரிந்தேன்.

ஞாயிறு காலை நிறுத்திய நிலையை அதில் அடுக்கி, உறைக்குள் இருந்த என் நகர்வையும் வைத்தேன். கறன்ட் இல்லாததால் மெஷின் ஓடவில்லை. அப்படியே மேசையில் விட்டுவிட்டுக் கனகராயன்குளத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போனேன். மத்தியானம் திரும்பியபோது மனைவி, "உங்கட விஞ்ஞான மாஸ்டர் வந்தவர். சைக்கிளுக்குக் காத்துப் போச்சாம், பம்ப் கேட்டார். குடுத்துவிட்டனான்" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சாப்பிட்டு முடியக் கறன்ட் வந்தது. பொழுதுபடும்வரை மெஷினுக்கு முன்னால் இருந்தேன்.

முதலில் அது அவருடைய குதிரையைப் பின்வாங்கச் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். யோசிக்கக் கூடுதல் நேரம் கொடுத்தபோது பதில் மாறியது. குதிரையால் என் ஓரக் காலாளை வெட்டு என்றது. நான் குதிரையை எடுத்தால் அவருடைய இரண்டு காலாள்களும் சேர்ந்து ஓடிவரும். என் பிஷப்பால் ஒன்றைத்தான் மறிக்க முடியும். நம்பாமல் கையால் நகர்த்திப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் தோற்றேன். உறையை மாற்றவும் முடியாது. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதலை மறைக்காமல் எழுதவேண்டும்: எனக்கே தெரியாதது இந்த மனிதனுக்கு எங்கே தெரியப்போகிறது?

திங்கட்கிழமை பின்னேரம் மண்டபத்தில் ஆசிரியர்கள் சூழ்ந்து நின்றார்கள். அதிபர் உறையைக் கிழித்து என் அரசனை நகர்த்தினார்.

"அட, ராஜாவே நேர்ல வந்துட்டாரா? அப்போ வெறுங்கையோட அனுப்பக் கூடாது. இந்தாங்க, குதிரைய ஓட்டிட்டுப் போங்க" என்று சொல்லி, அவர் குதிரையைத் தூக்கி என் ஓரக் காலாளை வெட்டினார்.

எனக்குக் காது சுட்டது.

"இது உம்மட நகர்வில்லை" என்றேன்.

"என்ன மாஸ்டர்?"

"இது மெஷின்ர நகர்வு. நேற்று நான் இல்லாத நேரம் என்ர வீட்டுக்கு வந்தனீர். உள்ளுக்க போய்ப் பாத்திருக்கிறீர்."

அந்தக் கணத்தில் அதை நான் உண்மையாகவே நம்பினேன். காலையில் கறன்ட் இல்லை என்பது அடுத்த கணமே நினைவுக்கு வந்தது. வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உம்மட மெஷினில இந்த ஆட்டம் எப்பிடி வந்தது?"

"காயை அடுக்கி மட்டும் வைச்சனான், ஐயா. போட்டுப் பாக்கேல்லை."

"போட்டே பாக்கலைன்னா, அது மெஷின் நகர்வுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று விஞ்ஞான ஆசிரியர் கேட்டார். சரியான கேள்வி.

"இப்பிடிக் குதிரையைத் தூக்கிக் குடுக்கிறது மெஷின்தான். மனிசர் குடுக்காயினம்" என்றேன்.

"தோட்டத்து மூளைக்கு இது எட்டுமே?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, மண்டபம் சிரித்தது. என் பொய்யில் இருந்த ஓட்டையை அந்தச் சிரிப்பு அடைத்தது.

"நான் கேட்டுக்கு வெளியதான் நின்னேன். அக்கா பம்ப எடுத்துக் குடுத்தாங்க. அவ்வளவுதான்" என்றார் அவர்.

"அக்காவாம்!" என்றது இன்னொரு குரல். திரும்பவும் சிரிப்பு. என் மனைவியைப் பற்றிய அந்தச் சிரிப்பையும் நான் தடுக்கவில்லை.

அவர் எழும்பவில்லை. "ஆடுங்க மாஸ்டர். மிச்சத்த இங்கயே, எல்லார் முன்னாலயும் ஆடி முடிப்போம். அப்புறம் தெரியும் எது மூளை, எது மெஷின்னு."

நான் ஆடவில்லை. விசாரித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாக அதிபர் எல்லோரையும் அனுப்பினார்.

அன்று மாலையே அதிபர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குசினிக்குத் திரும்பாமல் நின்றாள். மண்டபத்துக் கதை அவளுக்கு என்னை முந்தியே வந்து சேர்ந்திருந்தது.

"ஐயா, நேற்றுக் காலமை இஞ்ச கறன்ட் இல்லை. பிறகெப்பிடி அந்தாள் மெஷினைப் போட்டது? அவர் படலைக்கு உள்ள கால் வைக்கேல்லை. பின்னேரம் முழுக்க இதுக்கு முன்னால குந்தியிருந்தது இவர்தான்."

"அது பற்றரியிலயும் வேலை செய்யும், ஐயா" என்றேன்.

அவள் மெஷினைத் தூக்கிக் கவிழ்த்தாள். காய்கள் நிலமெங்கும் சிதறின. அடி மூடியைக் கழற்றி அதிபரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "எங்க பற்றரி? காட்டச் சொல்லுங்கோ!"

"ரோச் லைற்றுக்குப் போடக் கழட்டினனான்" என்றேன். அந்த மெஷினுக்கு நாங்கள் ஒருநாளும் பற்றரி போட்டதில்லை.

அதிபர் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று இன்றும் நினைக்கிறேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "விடு பிள்ளை. கறன்ட் எப்ப வந்தது, எப்ப போனது எண்டு ஆர் கண்டது? வெளி ஆள் ஒருத்தருக்காக நீங்கள் புருசன் பெண்சாதி சண்டை பிடிக்காதேங்கோ" என்றார். வெற்றியை எனக்குத் தந்தார்.

அவர் போன பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள். "அந்தாளைக் கள்ளனாக்கி, என்னையும் சந்தியில நிப்பாட்டியிருக்கிறியள். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கோ. சொல்லாட்டி அந்த மனிசன் இனி எப்பிடி வகுப்பில நிண்டு வாய் திறக்கிறது?"

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

பிள்ளைகள் அவருக்கு 'மெஷின் மாஸ்டர்' என்று பட்டம் வைத்தார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வரிசை வாங்குகளிலிருந்து 'பீப், பீப்' என்று சத்தம் வரும். அடுத்த வகுப்பில் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்கும். நான் கணக்கை எழுதிக்கொண்டிருப்பேன். அவர் ஆசிரியர் அறைக்கு வருவதை விட்டார். செஸ்ஸையும் விட்டார். வருட முடிவில் வவுனியாப் பக்கம் இடமாற்றம் எடுத்துக்கொண்டார். நான் கொழும்புக்குப் போய்க் கேவலமாகத் தோற்றேன். அந்தத் தண்டனை எனக்குக் காணாது.

அவர் போகிற அன்று பரந்தன் சந்தியில் மூட்டை முடிச்சுகளோடு பஸ்ஸுக்கு நின்றார். பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும். மன்னிப்புக் கேட்கத்தான் கிட்டப் போனேன். என் வாயில் வந்ததோ வேறு.

"உண்மையில அந்தக் குதிரையை எப்பிடிக் கண்டனீர்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் அதுதான் தெரியணுமா, மாஸ்டர்? வீட்டுக்குப் போய் உங்க மெஷின்கிட்டயே கேளுங்க" என்றார். பிறகு திரும்பி மூட்டைகளைப் பஸ்ஸில் ஏற்றத் தொடங்கினார். நான் ஒன்றுக்கும் கை கொடுக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பாமல் பார்த்தாள். "அந்த மனிசனிட்டப் போய் இதையோ கேட்டனீங்கள்?" என்றாள். அதற்குப் பிறகு வாழ்ந்த காலம் முழுவதும் அவள் அந்த ஆட்டத்தைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் இப்போது இருக்கிறாரோ தெரியாது. அந்த மண்டபத்தில் நின்றவர்களில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: மெஷினைக் கேட்டவன் நான். அவர் யாரையும் கேட்கவில்லை. பொய் சொன்னதற்கு நான் பதில் சொல்லிவிட்டேன். சிரித்ததற்கு நீங்கள் சொல்லுங்கள்.